கண்மாயில் ஒரு கூதிர்நாள்

நுழையும்முன்

கண்மாயை வயலுக்கு நீர் தரும் தேக்கமாகவே நாம் அறிவோம். ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் அதன் கரையில் ஒருநாள் நின்று நோக்கினால், பறவைகளுக்கும் அது உணவும் உறைவிடமும் அளிப்பது புலப்படும். எந்தப் பறவை எங்கே நிற்கிறது, ஏன் அங்கே நிற்கிறது என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோர், கண்மாயைச் செப்பனிடும் முறையையும் உடன் கற்றுக்கொள்வர்.

மலையடிவாரத்து நீர்நிலைகள்

விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு எல்லையில், மேற்குத்தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், திருவில்லிபுத்தூருக்கு வடக்கே அமைந்துள்ளது வத்திராயிருப்பு. சதுரகிரி மலை இதன் அருகே உயர்ந்து நிற்கிறது. மாவட்டத்தின் பல பகுதிகள் மானாவாரிக் கரிசல் நிலமாக இருக்க, இவ்வூரைச் சுற்றி நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும் செழித்துள்ளன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகளும் அவற்றின் நீரைத் தேக்கும் கண்மாய்களுமே இச்செழிப்பிற்குக் காரணம். பிளவக்கல் பெரியாறு அணையும் கோவிலாறு அணையும் இக்கண்மாய்கள் பலவற்றிற்கு நீர் வழங்குகின்றன. வழிந்தோடும் நீர் அர்ச்சுனா ஆற்றின் வழியாக வைப்பாற்றைச் சேர்கிறது.

இப்பகுதியில் நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கிச் சரிகிறது. ஆதலால், கண்மாயின் கரை பெரும்பாலும் கிழக்குப் பக்கத்தில் பிறைபோல் வளைந்து செல்லும். மேற்குப் பக்கம் மலையை நோக்கித் திறந்திருக்கும். வரத்துக்கால் வழியே நுழையும் நீர், முதலில் கரையோரப் பள்ளத்தை நிரப்பிப் பின்னர் மேற்கே விரியும். எனவே, கரையை ஒட்டிய பகுதி ஆழமாகவும், உள்வாய்ப் பகுதி படிப்படியாக ஆழம் குறைந்து இறுதியில் ஈரச்சேறாகவும் அமையும். இந்தச் சரிவைக் கண்மாயின் உயிர்நாடி எனலாம். அதன் காரணத்தைப் பறவைகள் நமக்குக் கற்பிக்கின்றன.

கூதிரும் வலசையும்

பழந்தமிழர் ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை பெய்து கண்மாய்கள் நிரம்பும் காலமும் இதுவே. இதே காலத்தில் வடஆசியாவிலும் ஐரோப்பாவிலும் குளிர் மிகுந்து நீர்நிலைகள் உறையத் தொடங்குகின்றன. புழுவும் பூச்சியும் நீர்த்தாவரமும் கிடைக்காத நிலையில், அங்கு இனப்பெருக்கம் செய்த பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. பறவைகள் பருவந்தோறும் இவ்வாறு இடம்பெயர்ந்து மீள்வதை வலசை என்கிறோம்.

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகிய வாத்தினங்களும், பொறி உள்ளான் போன்ற கரைப்பறவைகளும், மஞ்சள் வாலாட்டி, தகைவிலான் போன்ற சிறு பறவைகளும் அவ்வாறு வருபவை. உள்ளங்கையில் அடங்கும் எடையுடைய வாலாட்டி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து நம்மூர் வயல் வரப்பில் வந்து இறங்குகிறது.

ஆயினும், கண்மாயில் காணப்படும் பெரிய பறவைகள் அனைத்தும் அயல்நாட்டிலிருந்து வருபவை என்று பலரும் கருதுவது பிழை. கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள்மூக்கன் ஆகியவை நம் நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. நீரும் இரையும் உள்ள இடங்களைத் தேடி இவை ஒரு கண்மாயிலிருந்து மற்றொரு கண்மாய்க்கு இடம்மாறுகின்றன. ஒன்று வறண்டால் இன்னொன்று இவற்றைத் தாங்குகிறது. ஆகவே, தனித்த ஒரு கண்மாயைவிடக் கண்மாய்களின் தொடர் இப்பறவைகளுக்கு இன்றியமையாதது.

தெரிந்து தெளிவோம்

சத்திமுத்தப் புலவர் வறுமையால் மனைவியைப் பிரிந்திருந்தபோது, செங்கால் நாரை ஒன்றைத் தூதாக விளித்துப் பாடினார். தென்குமரியில் நீராடி வடக்கு நோக்கித் திரும்பும் பறவையாக அவர் அந்நாரையைக் காட்டுகிறார். அதன் அலகுக்குப் பிளந்த பனங்கிழங்கை உவமை கூறுகிறார். வலசையையும் பறவையின் உறுப்பமைப்பையும் ஒருசேர உற்றுநோக்கிய கண்களை அப்பாடலில் காணலாம்.

காலை: ஆழம் சொல்லும் கால்கள்

பறவைகளை நோக்குவதற்குக் காலைப்பொழுதே சிறந்தது. கிழக்குக் கரையில் நிற்பவருக்குக் கதிரவன் முதுகுப்புறம் இருப்பான். எதிரே நிற்கும் பறவைகளின் மீது ஒளி நேராக விழும். நிறமும் அலகின் வடிவமும் தெளிவாகத் தெரியும்.

கரையை அடுத்த ஆழநீரில் முதலில் தென்படுபவை மூழ்கி இரைதேடும் பறவைகள். முக்குளிப்பான் ஓரிடத்தில் மூழ்கி எதிர்பாராத வேறோர் இடத்தில் தலைகாட்டும். பாம்புத்தாரா உடல் முழுவதையும் நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும். பாம்பு ஒன்று நீந்துவது போலவே தோன்றும். அதன் இறகுகள் நீரில் நனையும் இயல்புடையவை. அதனால்தான் அது எளிதாக மூழ்குகிறது. அதனால்தான் இரைதேடி முடிந்ததும் பட்டமரக் கிளையில் அமர்ந்து, இருசிறகையும் விரித்து வெயிலில் உலர்த்துகிறது. நீர்க்காகமும் இவ்வாறே செய்யும். கூழைக்கடாக்கள் அலகின்கீழ்த் தொங்கும் பையால் நீரோடு மீனையும் அள்ளி, நீரை வடித்துவிட்டு மீனை விழுங்கும்.

சற்றே மேற்கில், அல்லியும் தாமரையும் படர்ந்த பகுதியில் நாமக்கோழிகள் கூட்டமாக மிதக்கும். கரிய உடலும் நெற்றியில் இட்ட நாமம் போன்ற வெண்பட்டையும் கொண்டமையால் இப்பெயர் பெற்றன. இலைக்கோழிக்கு விரல்கள் மிக நீண்டவை. உடலின் எடை பல இலைகளின்மேல் பரவுவதால், அது மூழ்காமல் மிதக்கும் இலைகளின்மீது நடந்து செல்கிறது. நீளவால் இலைக்கோழி இனத்தில் அடைகாப்பதும் குஞ்சுகளைப் பேணுவதும் ஆண்பறவையே.

முழங்கால் அளவு நீரில் நெடுங்கால் பறவைகள் நிற்கின்றன. சாம்பல் நாரை அசைவற்று நின்று கண்ணால் குறிபார்த்துக் குத்தும். மஞ்சள்மூக்கு நாரையின் முறை வேறு. அது அலகைச் சற்றே திறந்து நீருக்குள் வைத்துத் துழாவியபடி நடக்கும். மீன் அலகில் பட்ட நொடியில் அலகு மூடிக்கொள்ளும். கலங்கல் நீரிலும் அதனால் இரைதேட முடிவது இத்தொடு உணர்வினால்தான். நத்தைகுத்தி நாரையின் இரு அலகுகளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. குஞ்சுப் பருவத்தில் அது இருப்பதில்லை. வளர வளரவே தோன்றுகிறது. நத்தையைப் பற்றி அதன் சதையை வெளியே எடுப்பதற்கு அலகின் இவ்வமைப்பு உதவுகிறது.

இன்னும் மேற்கே, கணுக்கால் அளவு நீரில் பவளக்கால் உள்ளான்கள் செந்நிற நெடுங்கால்களால் அளந்து வைப்பதுபோல் நடக்கும். வெறும் ஈரச்சேறு மட்டும் உள்ள விளிம்பில் பொறி உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் ஓடியோடிப் புழுக்களைப் பொறுக்கும். அதற்கும் அப்பால், புல்தரையில் ஆட்காட்டி தன் குரலால் நம் வருகையை அனைவருக்கும் அறிவித்துவிடும்.

கரையிலிருந்து உள்வாய்வரை பார்வையை ஒருமுறை நகர்த்தினால், ஒழுங்கு ஒன்று புலனாகும். ஆழத்தில் மூழ்குவன, அடுத்து மிதப்பன, பின்னர் நெடுங்காலில் நிற்பன, இறுதியில் குறுங்காலில் ஓடுவன. ஒரே நீர்நிலையில் இத்தனை இனங்கள் பெரிதும் போட்டியின்றி வாழ்வது, ஒவ்வொன்றும் தன் காலுக்கும் அலகுக்கும் ஏற்ற ஆழத்தைத் தனக்கெனக் கொண்டிருப்பதால்தான். பறவைகள் நிற்கும் வரிசையைக் கொண்டே கண்மாயின் ஆழ வரைபடத்தைத் தீட்டிவிடலாம்.

நண்பகல்: மடைக்கு அப்பால்

வெயில் ஏறியதும் பறவைகள் பல இளைப்பாறுகின்றன. அப்போது பார்வையைக் கரையின் மறுபுறம் திருப்பவேண்டும். மடைநீர் பாயும் வயல்களும் பறவைகளின் உணவுக்களமே. உழவுக்குப் பின்னே உண்ணிக்கொக்குகள் வரிசையாகச் செல்லும். உழும்போது வெளிப்படும் புழு, பூச்சிகளை உண்ணும். வாய்க்காலின் ஓரம் மடையான் பழுப்பு நிறத்தில் மண்ணோடு மண்ணாக நிற்கும். பறந்தெழும் நொடியில்தான் அதன் வெண்சிறகு தெரியும். நாற்று நட்ட வயலில் நத்தைகுத்தி நாரைகள் நத்தைகளையும் நண்டுகளையும் தேடும்.

வயலும் கண்மாயும் பறவைகளுக்கு இரண்டல்ல. கண்மாயில் அடைந்து வயலில் உண்பவை உண்டு. வயலில் உண்டு கண்மாயில் எச்சமிடுபவையும் உண்டு. பறவை எச்சத்தில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உள்ளன. அவை கலந்த நீரே மீண்டும் மடைவழியாகப் பயிருக்குப் பாய்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் உழவர்கள் இப்பயனை நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். தங்கள் ஏரிப் பறவைகளைச் சுட்டவர்கள்மீது அவர்கள் முறையிட்டதன் பேரில், 1798ஆம் ஆண்டில் அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் அப்பறவைகளைக் காக்கும் உரிமையை அவ்வூராருக்கு எழுதிக்கொடுத்தார்.

மாலை: அடையும் மரங்கள்

மாலையில் கதிரவன் மலைக்குப் பின்னே இறங்குவதால், பறவைகள் நிழலுருவங்களாகவே தோன்றும். நிறம் மறையும் வேளையில் பறக்கும் முறை அடையாளம் சொல்லும். கொக்குகளும் சாம்பல் நாரை, செந்நாரை ஆகியனவும் கழுத்தை மடக்கிப் பறக்கும். மஞ்சள்மூக்கு நாரையும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் கழுத்தை நீட்டிப் பறக்கும்.

அவை வந்து அடைவது நீருக்கு நடுவே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களில். சுற்றிலும் நீர் சூழ்ந்திருப்பதால் நாய், நரி, பூனை முதலியன அணுக இயலாது. முள்ளும் காவலாக அமைகிறது. பகலில் உணவுக்கு ஆழமற்ற நீர் தேவைப்படுவது போலவே, இரவில் உறக்கத்திற்கும் பின்னர்க் கூட்டிற்கும் நீர்சூழ்ந்த மரம் தேவைப்படுகிறது. பகற்பறவைகள் அடையும் அதே வேளையில் இராக்கொக்குகள் மரங்களைவிட்டு இரைதேடப் புறப்படுகின்றன. கண்மாய் உறங்குவதில்லை, அதன் உழைப்பாளிகள் முறைமாறுகின்றனர்.

பள்ளமா, சரிவா?

கண்மாய்கள் ஆண்டுதோறும் வண்டல் படிந்து மேடாகின்றன. தூர்வாராவிட்டால் நீர்க்கொள்ளளவு குறையும், வயல் காயும். ஆதலால் தூர்வாருதல் கட்டாயத் தேவை. முற்காலத்தில் ஊரார் ஒன்றுகூடிக் குடிமராமத்து முறையில் இப்பணியைச் செய்தனர். கோடையில் வண்டலை மாட்டுவண்டிகளில் அள்ளி வயலுக்கு உரமாக இட்டனர். 2017ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு குடிமராமத்தைத் திட்டமாக மீண்டும் தொடங்கியது.

இன்று மண்ணள்ளும் இயந்திரங்கள் சில நாள்களிலேயே பெரும்பணியை முடித்துவிடுகின்றன. எவ்வளவு மண் எடுக்கப்பட்டது என்பதை மட்டும் நோக்காது, எங்கிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் நோக்குதல் வேண்டும். உள்வாயில் ஆங்காங்கே செங்குத்தான குழிகளாகத் தோண்டினாலோ, கண்மாய் முழுவதையும் ஒரே ஆழமாக்கினாலோ, சரிவு மறைந்துவிடும். மூழ்கும் பறவைகள் எஞ்சும். நெடுங்கால் பறவைகளுக்கு நிற்க இடமிராது. சேற்றுவிளிம்பை நம்பி வரும் உள்ளான்கள் இறங்காமலே கடந்துசெல்லும். நீர் நிறைந்திருந்தும் பறவைகளின் பட்டியல் சுருங்கிவிடும்.

மட்டுமீறிய பள்ளத்தால் உழவருக்கும் முழுப்பயன் இல்லை. மடையின் அடிமட்டத்திற்குக் கீழே தேங்கும் நீர் தானாக வயலுக்குப் பாயாது. அது நிலத்தடி நீருக்கும் மீனுக்கும் கால்நடைக்கும் உதவும் என்பது உண்மையே. ஆனால், பாசனத்திற்கு வேண்டிய கொள்ளளவு, மடையின் மட்டத்திற்கு மேலே படிந்த வண்டலை அகற்றுவதாலேயே கூடுகிறது. எனவே, கரையோரப் பகுதியில் வண்டலை அகற்றி ஆழத்தை மீட்பதும், உள்வாயின் இயல்பான சரிவைக் காப்பதும் ஒன்றோடொன்று முரண்படுவன அல்ல. அகற்றிய மண்ணின் ஒரு பகுதியைக் கொண்டு நடுவே திட்டுகள் அமைத்து நாட்டுக் கருவேலம் வளர்த்தால், எதிர்காலக் கூடுகளுக்கு இடம் கிடைக்கும். சீமைக் கருவேலத்தை அகற்றும்போதும் ஒரே நாளில் அனைத்தையும் வேரறுக்காமல், மாற்றுமரங்கள் வளரும்வரை பறவைகள் அடையும் மரங்களை விட்டுவைத்தல் நன்று. கூடு கட்டும் மாதங்களில் கோடரியும் இயந்திரமும் ஓய்ந்திருத்தல் வேண்டும்.

ஊரே காவல்

வத்திராயிருப்பை ஒட்டிய மலைக்காடு சட்டத்தின் காவலில் உள்ளது. அங்குத் திருவில்லிபுத்தூர் சாம்பல்நிற அணில் சரணாலயம் 1988இல் அமைக்கப்பட்டது. 2021இல் மேகமலையோடு இணைந்து அது புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. அடிவாரத்துப் பாசனக் கண்மாய்களோ இவ்வெல்லைக்கு வெளியே உள்ளன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளை எங்கும் வேட்டையாடக் கூடாது எனத் தடுக்கிறது. ஆனால், பறவை நிற்கும் சேற்றையும் அது அடையும் மரத்தையும் காக்கும் பொறுப்பு, சரணாலயத்திற்கு வெளியே பெரும்பாலும் ஊராரின் கையில்தான் உள்ளது.

ஊரார் அப்பொறுப்பை ஏற்ற இடங்கள் தமிழகத்தில் உண்டு. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் 1977இல் அமைந்தது. அதனை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூதிர்காலத்தில் கண்மாய்க்கு வந்து தங்கும் பறவைகள் அஞ்சி அகன்றுவிடக் கூடாது என்பதே அவர்தம் எண்ணம். திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில் பறவைகள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டுகின்றன. அவற்றை ஊருக்கு நலம் தரும் வரவாகவே மக்கள் கருதுகின்றனர். அவ்வூர்க் குளம் 1994இல் சரணாலயமாயிற்று.

ஈரநிலங்களைக் காப்பதற்கான உலக உடன்படிக்கை 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் ஏற்பட்டது. கூந்தன்குளமும் வேடந்தாங்கலும் இன்று அப்பட்டியலில் இடம்பெற்றுள்ளன. ஊரார் காத்தமையால் அவை உலகின் பார்வைக்கு உரியன ஆயின என்பதை நாம் மறத்தலாகாது.

குறிப்பேடு என்னும் சான்று

ஒரு கண்மாயில் பறவைகள் குறைந்துவிட்டன என்று கூறுவதற்கு, முன்பு எத்தனை இருந்தன என்னும் கணக்கு வேண்டும். புகழ்பெற்ற சரணாலயங்களுக்கு அக்கணக்கு உண்டு. சிற்றூர்க் கண்மாய்களுக்கு அதனை எழுதுபவர் அரியர். பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்ததை நினைவிலிருந்து சொல்வது சான்றாகாது. நாளும் நேரமும் இட்டு எழுதிய பக்கமே சான்றாகும்.

இப்பணிக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. நாள், நேரம், இடம், நீர்மட்டம், பறவையின் பெயர், எண்ணிக்கை, அது செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றைக் குறித்தல் போதும். பெருங்கூட்டத்தை எண்ணும்போது பத்துப் பறவைகள் அடங்கிய பரப்பை மனத்தில் கொண்டு, அத்தகைய பரப்புகள் எத்தனை என மதிப்பிடலாம். பெயர் தெரியாத பறவையைத் தெரிந்ததாக எழுதாமல், அதன் அலகையும் காலையும் வரைந்துவைத்துப் பின்னர்க் கேட்டறியலாம். கூட்டிற்கு அருகே செல்லாமையும், பறவையைப் பறக்கவிடுவதற்காகக் கல்லெறியாமையும் நோக்குவோர் கடைப்பிடிக்கவேண்டிய நெறிகள்.

2015ஆம் ஆண்டு முதல் தமிழகத்தில் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. ஆர்வமுள்ள எவரும் அதில் பங்கேற்கலாம். ஓரிடத்தில் கால்மணி நேரம் நின்று எண்ணினாலும் அது கணக்கில் சேரும். தன் ஊர்க் கண்மாயை ஆண்டுதோறும் எண்ணும் மாணவர், தூர்வாரும் பணிக்கு முன்பும் பின்பும் அங்கு நிகழ்ந்த மாற்றத்தை எண்ணிக்கையோடு ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைக்க இயலும். கரை உழவருக்கு எவ்வளவு தேவையோ, சரிவு பறவைக்கு அவ்வளவு தேவை என்பதை அந்த எண்கள் உணர்த்தும்.

யார் இவர்?

மா. கிருஷ்ணன் (1912 – 1996): திருநெல்வேலியில் பிறந்த இயற்கையியலாளர், எழுத்தாளர், ஓவியர், ஒளிப்படக் கலைஞர். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் பறவைகள், விலங்குகள் பற்றி எழுதியவர். ‘தி ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தம் வாழ்நாள் இறுதிவரை இயற்கைக் குறிப்புகளைத் தொடர்ந்து எழுதினார்.

சொல்லும் பொருளும்

கலுங்கு – மிகைநீர் வழியும் அமைப்பு
வரத்துக்கால் – கண்மாய்க்கு நீர் கொணரும் கால்வாய்
உள்வாய் – கண்மாயின் நீர்பரவும் உட்பகுதி
மடை – பாசனநீரைத் திறந்துவிடும் வாயில்
வலசை – பருவந்தோறும் இடம்பெயர்தல்

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்க் கண்மாய், ஏரி அல்லது குளத்தின் கரை, மடை, கலுங்கு, வரத்துக்கால், உள்வாய் ஆகியவற்றைக் குறித்து வரைபடம் ஒன்று வரைக. பறவைகளை எங்கெங்குக் கண்டீர்கள் என அதில் குறிப்பிடுக.

2. பறவைகளுக்கு உங்கள் பகுதியில் வழங்கும் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுத்து, அப்பெயர் எதனால் அமைந்திருக்கலாம் என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.

3. ‘கண்மாயைத் தூர்வாரும்போது பறவைகளின் நலனையும் கருதவேண்டும்’ என்னும் பொருளில், உழவர் ஒருவரும் மாணவர் ஒருவரும் உரையாடுவதாக உரையாடல் எழுதுக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கூதிர்காலத்திற்கு உரிய திங்கள்கள்
அ) ஆவணி, புரட்டாசி ஆ) ஐப்பசி, கார்த்திகை இ) மார்கழி, தை ஈ) மாசி, பங்குனி

2. கழுத்தை மடக்கிப் பறக்கும் பறவை
அ) நீர்க்காகம் ஆ) நத்தைகுத்தி நாரை இ) சாம்பல் நாரை ஈ) அரிவாள்மூக்கன்

குறுவினா

1. பாம்புத்தாரா சிறகுகளை விரித்து வெயிலில் அமர்வது ஏன்?
2. இலைக்கோழி மிதக்கும் இலைகளின்மீது நடக்க இயல்வது எவ்வாறு?

சிறுவினா

1. நீரின் ஆழத்திற்கும் பறவைகளின் உடலமைப்புக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. கண்மாய்க்கும் வயலுக்கும் இடையே பறவைகள் ஏற்படுத்தும் பிணைப்பைப் புலப்படுத்துக.

நெடுவினா

பாசனத் தேவைக்கும் பறவைகளின் வாழ்வுக்கும் ஊறு நேராவண்ணம் கண்மாயைச் செப்பனிடும் வழிமுறைகளைத் தொகுத்து எழுதுக.